மன்னிப்பு வருகிற பாதி

உபதேசியார் உத்தியோகத்தில் ஜெபம் சொல்வது சின்ன வேலை. ஜெபத்துக்கு முழங்கால் போட்டவர்கள் முடிகிற வரைக்கும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் ஆரம்பத்திலும் காரைக்காலில், கோவில்பத்துப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் அந்த வேலையை நான் பார்த்தேன். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ள, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது, சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வது எல்லாம் என் தலையில். எனக்கோ ஒரு இடத்தில் கால் தரிக்காது. மாதா பிரார்த்தனை கொஞ்சம் நீண்டால் போதும், கால் பெருவிரல் தானாக ஆட ஆரம்பித்துவிடும். யார் வீட்டு ஜெபத்திலாவது அகப்பட்டுக்கொண்டு, வாசலில் விட்ட சைக்கிள் இருக்குமா, மழை வருவதற்குள் வீடு போய்ச் சேருவோமா என்று நெளிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நம் கட்சிக்காரர்களான உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பாதிப் பாதி

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரமும் இரண்டு பாதி. முதல் பாதியை உபதேசியார் சொல்லுவார். இரண்டாம் பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்லுவார்கள். பரலோக மந்திரத்திலும் அப்படித்தான். ஆண்டவருடைய நாமம், இராச்சியம், சித்தம் என்று பெரிய பெரிய சமாசாரமெல்லாம் என் பாதியில். சோறும் மன்னிப்பும் ஜனங்களுடைய பாதியில். எங்களுக்குத் தீமை செய்தவர்களை 'நாங்கள் பொறுப்பது போல' எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த மணிக்கு விரலை நகர்த்திவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வேன்.

பதில் சொல்வதில் எங்கள் தெருவில் மேரியம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணவரைப் பறிகொடுத்தவர், ஒரே பெண் செலின், டவுனில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட், தினமும் சைக்கிளில் போய் வருவாள். மேரியம்மாவுக்குக் கணீரென்ற குரல். நான் என் பாதியை முடிப்பதற்குள் அவர் தன் பாதியைத் தொடங்கிவிடுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அவசரம் என் பிறவிக் குணம், அதிலேயே ஒருத்தர் என்னை முந்துகிறார் என்றால் ரோஷம் வராதா? ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க ஆண்டவரோட இராச்சியத்துல நிக்கிறீங்க உபதேசியாரே, எனக்கு அடுப்புல சோறு குழையுது."

சாமியாருக்குத் தெரியாத பாஷை

மேரியம்மாவின் பக்கத்து வீடு அவருடைய அண்ணன் லூயியுடையது. அப்பா கட்டின ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். லூயி பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மனைவி இறந்துபோய், மகன் ஆல்பேர் பிரான்சில் வேலையில் இருந்ததால், சொல்தா தனியாக இருந்தார். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார் என்றால் நாய்கூட ஓரமாக ஒதுங்கும்.

ஒரு சனிக்கிழமை, சாமியார் உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கிறேன். சொல்தா உள்ளே போய் முழங்கால் போட்டார். என்ன பேசுகிறார் என்று காதில் விழக் கூடாது, நான் விலகிப் போனேன். ஆனால் எந்தப் பாஷை என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. எங்கள் புதுச் சாமியாரோ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. பின்னால் நின்றவர்களெல்லாம் கால் மாற்றி நிற்கிறார்கள், இவர் மட்டும் நிறுத்தவே இல்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாமிக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். பட்டாளத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடவுளுக்கு பிரெஞ்சு தெரியும், அது போதும்."

ஒரு குரல் குறைந்தது

செலினுக்கு ஆல்பேர் என்று அவள் பாவாடை கட்டின நாளிலேயே பேசி முடித்த சம்பந்தம். சொந்த மாமன் மகன். அவன் பிரான்சுக்குப் போன பிறகு எத்தனையோ நல்ல இடங்கள் வந்தன. மேரியம்மா எல்லோரையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த லீவில் வருவான், அதற்கடுத்த லீவில் வருவான் என்று பெண் காத்திருந்தாள். பிறகு பாரீசிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சாதாரணமாகச் சொன்னார்: ஆல்பேர் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தையும் ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய இடி, சொல்தாவுக்கு இது ஒரு வருஷத்துக்கு மேலாகத் தெரியும் என்பது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை வந்த வரன்களைத் திருப்பி அனுப்புவதைக் கேட்டுக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் ஏன் பிரெஞ்சில் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த வாரமே ஜெபத்தில் வித்தியாசம். மேரியம்மா வழக்கம்போல முந்திக்கொண்டு சோறு கேட்டார். 'நாங்கள் பொறுப்பது போல' வந்ததும் குரல் நின்றது. கணீரென்ற குரல் நின்றால் எப்படி இருக்கும்? மீதிப் பேர் முணுமுணுப்பது மட்டும் கேட்டது. அடுத்த வார்த்தைக்கு மறுபடி சேர்ந்துகொண்டார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் சுபாவத்துக்கு இந்த மாதிரி மௌனம் ஆகவே ஆகாது. மறுநாளிலிருந்து அந்த இடம் வந்தால் நானே பெரிய குரலெடுத்துக் கத்தி ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். மேரியம்மா ஜெபம் முடிந்து என் சைக்கிளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"மனசுல இல்லாததை முழங்கால் போட்டுக்கிட்டு எப்படிங்க சொல்றது? நீங்க முதல் பாதியச் சொல்லிட்டு ஒதுங்கிக்கிறீங்க, கஷ்டமான பாதிய எங்க தலையில கட்டிட்டீங்க."

மாதா வீடு தாண்டக் கூடாது

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, தெருவில் வீடு வீடாகத் தங்கும். ஒரு வீட்டில் ஒருநாள். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியோடு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வரிசையில் சொல்தா வீடு, அதற்கு அடுத்து மேரியம்மா வீடு.

அந்த வருஷம் சொல்தா ஊரையே காலி செய்துகொண்டு மகனிடம் போவதாக இருந்தார். கல்லறைத் திருநாள் அன்று மனைவி கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பயணம். அந்த வயசில் திரும்பி வருவதற்கில்லை. தங்கச்சி ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்லாமல் நான் எப்படிப் போவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சும்மாவே ஓடுகிறவன், கேட்கவா வேண்டும்? இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நாலு எட்டுதான், அதை நடந்தே என் செருப்பு தேய்ந்தது. போகிற மனுஷர் நிம்மதியாகப் போகட்டுமே என்றேன். நிம்மதியை இங்கே வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சவா என்று கேட்டார் மேரியம்மா.

சுரூபம் கைமாறுகிற நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. வாசலில் வைத்து மேரியம்மா கதவைச் சாத்திவிட்டால்? மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பதா? ஒரு யோசனை செய்தேன். சொல்தா வீட்டிலிருந்து சுரூபத்தை எதிர் வரிசைக்குத் திருப்பிவிட்டு, மேரியம்மா வீட்டுக்குக் கடைசியில் வேறு யாராவது கொண்டுபோகட்டும். யார் மனமும் நோகாது, எனக்கும் தூக்கம் வரும். சொல்தாவிடம் போய் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஒரு வருஷம் நான் சுத்தி வளைச்சது போதும், மாதாவையும் சுத்த விடாதீங்க."

வாசல்படி

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காரைக்கால்மேட்டுப் பக்கமிருந்து கடல் இரைச்சல் தெரு வரைக்கும் கேட்டது. சொல்தா கோட்டுப் போட்டுக்கொண்டு, மெடல் இல்லாமல், சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் நின்றார். நான் குடை பிடித்தேன். பின்னால் தெரு ஜனம். கதவு திறக்கவில்லை. நான் ஒரு பாட்டை எடுத்துவிட்டேன், அதுவும் முடிந்துவிட்டது. இன்னொரு பாட்டு எடுக்கலாமா என்று யோசிக்கும்போது செலின் மெழுகுவர்த்தியோடு வந்தாள். மேரியம்மா உள்ளே நிலைப்படிக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"அம்மாவக் கூப்பிடும்மா, நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் சொல்தா. செலின் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அம்மாகிட்டதான் கேக்கணுமா மாமா? காத்துக்கிட்டு இருந்தது நான்தானே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. சாமியார் வந்து பேசினார், தெருப் பெரியவர்கள் பேசினார்கள், நான் செருப்புத் தேய நடந்தேன். எல்லோரும் மேரியம்மாவிடம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். தினமும் எனக்கு முன்னால் சைக்கிளில் போய் வருகிற பெண்ணிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொல்தா தமிழில்தான் சொன்னார். "தெரிஞ்சுதாம்மா மறைச்சேன். அவன் மனசு மாறிடும்னு நெனச்சேன், அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டேன். உன் வயச நான் வீணாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு." செலின் மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைகளை நீட்டினாள்.

"அதை இப்பவே சொல்ல வரல மாமா. சிலையக் குடுங்க, கை நடுங்குது. மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க."

கார் கிளம்புமுன்

உள்ளே போனார்கள், ஜெபம் சொன்னோம், வந்தோம். அவ்வளவுதான். மேரியம்மா அண்ணனோடு பேசவில்லை. அந்த இடத்தில் குரலும் வழக்கம்போல நின்றது. கல்லறைத் திருநாள் வரைக்கும் நான் தினமும் அந்த இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டே போனேன், எந்தப் புதுச் சேதியும் இல்லை.

மறுநாள் காலையில் சென்னைக்குப் போக அம்பாசிடர் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. பயண ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், சீக்கிரம் ஒரு பரலோக மந்திரம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நான் அவசரமாக ஆரம்பிக்கும்போது செலின் வந்தாள், ஆபீசுக்குப் போகிற சேலையில். பின்னாலேயே மேரியம்மா, கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். நான் என் பாதியைச் சொல்லி முடித்தேன். இரண்டாம் பாதியில் எல்லோரும் சோறு கேட்டார்கள். அந்த இடம் வந்தது. மேரியம்மா நின்றுவிட்டார், அது பழக்கம். சொல்தாவும் நின்றுவிட்டார், வெட்கம். வந்திருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன், என் பாதி இல்லையே. செலின் ஒருத்திதான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, பல் வலிக்காரர் கெட்டிச் சீடையைக் கடிக்கிற மாதிரி நிதானமாக, 'நாங்கள் பொறுப்பது போல' என்று முழுதும் சொன்னாள். சொல்தா சத்தம் போட்டு அழுதார். மேரியம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கார் நகரும்போது அண்ணன் மறந்து வைத்த தொப்பியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டவர் அவர்தான்.

கார் தெரு முனை திரும்பியது. எனக்கு மனசு பொங்கி வந்தது, அங்கேயே ஒரு நன்றிப் பாட்டு எடுத்துவிடலாம் போல இருந்தது. செலினிடம் ஓடினேன். ஒரு வழியாக மன்னித்துவிட்டாயே, இனிமேல் நிம்மதிதானே என்றேன். அவள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். முகத்தில் நிம்மதி ஒன்றும் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது.

"இன்னிக்குச் சொல்லிட்டேன் உபதேசியாரே. நாளைக்குச் சொல்ல முடியுமான்னு நாளைக்குத்தான் தெரியும். அதுக்குத்தானே இதத் தினமும் சொல்லச் சொல்லியிருக்கு."

இத்தனை வருஷம் வீடு வீடாகச் சைக்கிள் மிதித்து ஜெபம் சொன்னதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: முதல் பாதி சொல்வதற்கு ஆள் எப்போதும் கிடைக்கும்.