ருக்குவின் வண்டிக்குத் திருவேங்கடம் மாட்டிய சாமான்கள்

ருக்குவுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டி வந்த அன்று குப்பமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மனு மேல் மனுப் போட்டு, நடையாய் நடந்து வாங்கிய வண்டி. அவள் எங்கே நடந்தாள்? அண்ணன் திருவேங்கடம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அன்றிலிருந்து முப்பது வயது தாண்டும் வரைக்கும் வாசலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் அவளுக்கு உலகம். பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால்கூட யாராவது மனசு வைத்துக் கூட்டிப்போக வேண்டும்.

வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே யோசனைதான். ஏரி மீனை வாங்கி, உப்புப் போட்டு, உலர்த்திக் கருவாடாக்குவது அவள். அதைத் திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விற்று வருவது வேறு யாரோ. இனிமேல் அவளே போகலாம். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், சீட்டுதான் கடை.

"பின்னாடி ரெண்டு கூடை வைக்கிறாப்ல ஒரு கேரியர் மட்டும் போட்டுக் குடுத்துடுண்ணா" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்ட நேரம் சரியில்லை. அது தடைக்காலம். மீன் முட்டையிடுகிற சமயம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் கட்டிப்போட்டு வைத்திருந்தது. காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்க்கிற திருவேங்கடம் வீட்டில் சும்மா கிடந்தான். திருவேங்கடம் மாதிரி ஆளைச் சும்மா உட்கார வைத்தால் வீட்டில் இருக்கிற சாமானுக்கெல்லாம் ஆபத்து. மிக்சி, மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு முறை பிரித்துப் பார்த்தாகிவிட்டது. அப்போதுதான் தங்கச்சியின் வண்டி வந்து வாசலில் நின்றது.

"கேரியர் கெடக்குது, அது அரை மணி வேலை. மொதல்ல உன்ன சேப்டி பண்ணணும்" என்றான்.

பஸ் ஏறிப் புதுப்பேட்டை உதிரி பாகக் கடைகளுக்குப் போனான். திரும்பி வரும்போது கோணிப்பை நிறைய இரும்பு. முன்னால் ஒரு கிராஷ் கார்டு, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வாசலில் தகரக் கொட்டகைக்கு அடியில் வண்டியை நிறுத்தி, மட்கார்டில் டிரில்லிங் மிஷினால் ஓட்டை போட்டான். உப்புக் காற்றில் சாதா போல்ட்டு மாசம் தாங்காது என்று எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் போல்ட்டு. அதன்மேல் கிரீஸ் வேறு. போல்ட்டு பிடிக்காத இடத்தில் நைலான் கயிற்றால் வரிந்து கட்டினான். படகில் கட்டுகிற கட்டு. அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும்.

ருக்கு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். முதலில் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தனக்காக ஒரு மனிதன் வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு இத்தனை பாடுபடுகிறான் என்றால் யாருக்குத்தான் மனசு குளிராது? ஆனால் கிராஷ் கார்டு முடிந்ததும் மேலே ரெக்சின் கூரை வந்தது. கூரைக்குப் பிறகு முதுகுக்குச் சாய்மானம். அப்புறம் விழாமல் இருக்க இடுப்புக்கு ஒரு பெல்ட். செல்போன் மாட்டுகிற ஸ்டாண்டு, கலர் கலராக எரிகிற லைட்டு, லாரிக்குப் போடுகிற ஹாரன். ஹாரன் ஒயரை மாற்றிக் கொடுத்து, இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அலறியது. அதைச் சரிபண்ண வண்டி பாதி பிரிந்து கிடந்தது. வண்டி வந்து எத்தனையோ நாள் ஆகியும் அவள் ஓட்டியது வாசலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும்தான். அதுவும் அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"கேரியருண்ணா?"

"இருடி. அதான் சொல்றேன்ல."

கடைசியாக ஒருநாள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி கொண்டு வந்தான். ஜிபிஎஸ்.

"எங்க போட்டுல இருக்குற மாதிரிடி. நாங்க எங்க வலை போடறோம், எங்க நிக்கிறோம், எல்லாம் ஓனரு ஊட்ல குந்திக்கினே போன்ல பாப்பாரு. இது அதுக்கும் மேல. வண்டி திருட்டுப் போச்சுனு வெச்சிக்க, ஒரே ஒரு மெசேஜ். வண்டி ஆஃப்."

சாவியிலிருந்து போகிற ஒயரை வெட்டி, நடுவில், மின்சாரத்தைத் துண்டிக்கிற ரிலே ஒன்றைச் சேர்த்து, டேப் சுற்றி, எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் சொருகினான். பிறகு ருக்குவை வண்டியில் உட்காரவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். இவன் வாசலைத் தாண்டிப் போய் நின்று போனில் எதையோ அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் என்ஜின் தானாக அடங்கியது. அவனுடைய இரண்டு பிள்ளைகளும், "நைனா, இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று கை தட்டின. ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் பிடித்திருந்த வண்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போயிருந்தது.

"நடு ரோட்ல நின்னுடுச்சுன்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன்?"

"கடல்ல இன்ஜின் நின்னா நாங்க இன்னா பண்றோம்? குந்திக்கினு இருப்போம். பக்கத்து போட்டு வரும், இஸ்துக்கினு வரும். பயப்படாத."

படகுக்காரன் புத்தி படகோடுதான் போகும். கடலில் நின்ற படகைப் பார்த்தால் எந்தப் படகும் விட்டுவிட்டுப் போகாது. ரோட்டில் அப்படி ஒரு தர்மம் கிடையாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இருந்தும் அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வேர்வையைப் பார்த்த பிறகு எப்படி வரும்?

தடைக்காலம் முடிந்தது. திருவேங்கடம் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினான். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே டவர் கிடைக்காது. கேரியர் மட்டும் மாட்டாமலே கிடந்தது.

மறுநாள் காலையில் அண்ணி சரோஜா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம். ருக்கு இரண்டு கூடைக் கருவாட்டைப் பின்னால் இருந்த கிராஷ் கார்டில் தானே கட்டினாள். பெரிய பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பிய பாத்துக்க. அத்தை மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாள். அண்ணியிடம் நேரில் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். சொன்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பாலத்தின்மேல் ஏறியபோது இரண்டு பக்கமும் ஏரி விரிந்து கிடந்தது. யாருடைய இடுப்பையும் பிடித்துக்கொள்ளாமல் அவள் பார்க்கிற முதல் ஏரி. காற்றில் கூரை படபடவென்று அடித்தது. சத்தமாகச் சிரித்தாள். கேட்பதற்கு ஆள் இல்லாதது இன்னும் நன்றாக இருந்தது.

பாலம் இறங்கும்போது ஸ்டாண்டில் இருந்த போன் அடித்தது. 'அண்ணி'. எடுக்கவில்லை. கடைத்தெரு தாண்டும்போது மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. டச்சுக்காரர்களின் பழைய கல்லறை இருக்கிற இடத்துக்கு வந்தபோது போன் ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் என்ஜினும் ஓய்ந்தது. வாசலில் நின்று செத்த மாதிரியே, சொல்லாமல் கொள்ளாமல்.

வண்டி ஓரமாக உருண்டு நின்றது. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இறங்கித் தள்ள அவளால் முடியாது. வண்டிக்குள் வைக்காமல் விட்ட ஊன்றுகோலை நினைத்துக்கொண்டாள். வண்டி இருக்கும்போது அது எதற்கு என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். நாலு பக்கமும் இரும்பு, மேலே கூரை, இடுப்பில் பெல்ட். கல்லறை பார்க்க வந்த வெளியூர்ப் பையன்கள் வண்டியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

திருப்பாலைவனத்திலிருந்து டிவிஎஸ் ஃபிப்டியில் உர மூட்டை வாங்க வந்த கேசவன்தான் நிறுத்தினார். நெல் விவசாயி. அவர் வீட்டுக்கு வருஷக் கணக்காக ருக்குவின் கருவாடு போயிருக்கிறது, ஆனால் ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பெட்ரோல் பார்த்தார், பிளக்கைக் கழற்றி ஊதினார். பிறகு சீட்டைத் தூக்கினார்.

"ஜிபிஎஸ் இருக்கேம்மா. யாரோ ஆஃப் பண்ணிக்கீறாங்க. இதோட நம்பர் யாரு கிட்ட இருக்குது?"

"எங்கண்ணன் கிட்டதாங்க."

"போன் போடு."

"கடல்ல கீதுங்க. டவர் கெடைக்காது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே விளங்கியது. டவர் இல்லாத கடலிலிருந்து மெசேஜ் வராது. நிறுத்தியது கரையில் இருக்கிற யாரோ. அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

"அந்த ஒயர அறுத்து நேரா முறுக்கி உட்டுடுங்கண்ணா" என்றாள்.

கேசவன் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். "தப்பா நெனைக்காதம்மா. ஊட்டு ஆம்பள இல்லாத நேரத்துல வண்டிய அறுத்துட்டேன்னு நாளைக்கு உங்கண்ணன் வந்து நின்னா, நான் இன்னா பதில் சொல்றது? மாட்னது அவரு."

"வண்டி என்னுதுங்க."

"உன்னுதுதாம்மா" என்றார். பிளேயரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெயில் படாமல் வண்டியை மர நிழலுக்குத் தள்ளி விட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

ருக்கு அண்ணிக்குப் போன் போட்டாள். இப்போது அண்ணி எடுக்கவில்லை. நேரில்தான் வந்தாள், ஷேர் ஆட்டோவில், தலைகூடச் சீவாமல், இறால் கம்பெனிச் சீருடையோடு.

"எங்க போற? சொல்லிட்டுப் போவ மாட்டியா?"

"நீதான் நிறுத்தினியா?"

"நான்தான். டவர் கெடைக்காதுன்னு உங்கண்ணன் என் நம்பரயும் பொட்டில போட்டுட்டுப் போச்சு. ஆபத்துக்குன்னு சொல்லிச்சு. எனக்கு இதான் ஆபத்து. கம்பெனி வேன் வந்து ஆரன் அடிச்சிக்கினே நிக்குது. சின்னவன நாள் முழுக்க யாரு கிட்ட உட்டுட்டுப் போறது? வேன் போயிடுச்சு. ரெண்டு தபா போவலன்னா பேர அடிச்சிடுவான்."

"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"

சரோஜா கல்லறைச் சுவரைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"மாட்டேன்" என்றாள். "நீ ஊட்ல கீறன்னுதான் ருக்கு நான் வெளிய போறேன். நீ போனா நான் ஊட்ல குந்தணும். நம்ம ஊட்ல ஒருத்திதான் வெளிய போவ முடியும். அது நானா இருக்கட்டும்னு நெனச்சிட்டேன். அவ்ளோதான்."

ருக்குவுக்கு ஆத்திரம் வந்தது. கத்தியிருப்பாள். ஆனால் சரோஜாவின் கையைப் பார்த்தாள். ஐஸில் கிடக்கும் இறாலை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கைக்கு அந்தக் கம்பெனிதான் வெளியுலகம். அதைப் பிடுங்கிக்கொண்டா திருப்பாலைவனம் போவது?

சரோஜா போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். "இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

வண்டி உறுமியது.

"எப்டியும் வேன் போயிடுச்சு. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். போயிட்டு வா. இன்னிக்கு உடறேன்" என்றாள் சரோஜா. மனசாரத்தான் சொன்னாள்.

'உடறேன்' என்ற அந்தச் சொல்லில்தான் ருக்குவுக்கு எல்லாம் விட்டுப்போனது. திருப்பாலைவனம் ரோடு முன்னால் நேராகத்தான் கிடந்தது. அந்த ரோட்டில் எங்கே போய் நின்றாலும் அண்ணி விட்டதால் வந்த இடமாகத்தான் அது இருக்கும். அவமானமாக இருந்தது. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினாள். சரோஜா பின்னால் ஏறிக் கருவாட்டுக் கூடைகளைச் சரியாமல் பிடித்துக்கொண்டாள்.

படகு கரை சேர்ந்ததும் திருவேங்கடம் காசிமேட்டிலிருந்து போன் பண்ணினான். ருக்கு அப்போது வாசலில், வண்டிமேல்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் உட்காருவதற்கு அதுதான் வசதியாக இருந்தது.

"வண்டி எப்டி ஓடுது?"

"அந்தப் பொட்டிய கழட்டிடுண்ணா."

"ஏன்? வேல செய்யலியா?"

"செய்யுது. அதான் கழட்டச் சொல்றேன்."

"பைத்தியமாடி நீ? உன்ன பூ மாதிரி பாத்துக்கணும்னுதானே இத்தினி பண்ணேன்? இந்த தபா வரச்சொல்ல கேரியர் மாட்டிடறேன், சரியா? கோச்சிக்காத."

அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அந்த அன்பை எதிர்த்து எந்த இடத்தில் கை வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"வண்டி யாருதுண்ணா?" என்று கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? உன்னுதுதான். சாவி உங்கிட்டதானே கீது?" என்று சிரித்தான்.

ருக்கு குனிந்து பார்த்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

"கீதுண்ணா" என்றாள்.