கீழ்த்தெருவில் இருந்த பிரெடிகேட்டுகள்

ஜெபராஜ் சார் எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் கற்பிக்க வந்தது 1956 ஜூன் மாதம். தளியிலிருந்து ஜவளகிரி போகிற வழியில், பஸ் நின்றாலும் நிற்காமல் போனாலும் யாரும் குறை சொல்லாத ஊர் எங்களுடையது. ஒரு தகரப் பெட்டி, ஒரு பைபிள், ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம், ஒரு கறுப்புக் குடை, இவைதான் அவருடைய சொத்து. குடை முதல் வாரமே ஆடிக்கு முந்திய காற்றில் பறந்து மைசூர் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. எல்லை அவ்வளவு பக்கம். திரும்ப வாங்கலாமென்றால் எந்த சர்க்காருக்கு மனுப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

எங்கள் ஏழாம் வகுப்பில் இருபத்து நான்கு பேர். வீட்டுக்குள் சிலருக்குக் கன்னடம், சிலருக்குத் தெலுங்கு, சந்தையில் எல்லோருக்கும் தமிழ். சாரோ திருநெல்வேலிக் கடலோரத்துக்காரர். "எலே, அங்கன என்னல சோலி?" என்று அவர் அதட்டினால், அதையும் பாடமென்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டோம். ஆக, அந்த அறையில் எல்லோருக்கும் சமமாகத் தெரியாத மொழி இங்கிலீஷ் ஒன்றுதான். அந்த நியாயத்துக்காகவே அதைப் படிக்கலாம்.

சாரின் வேலை தற்காலிகமானது. ஜனவரியில் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைச் சோதித்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஹெட்மாஸ்டர் நாராயணப்பன் முதல் நாளே பிரியமாகச் சொல்லிவிட்டார்.

"இதுக்கு முந்தி இருந்த இங்கிலீஷ் வாத்தியாரு இப்ப எங்க இருக்காரு தெரியுமா சார்? நாட்றாம்பாளையம். அஞ்செட்டியத் தாண்டி மலை மேல. இன்ஸ்பெக்ஷன்ல தவறினவங்களுக்கு அதான் இடம்."

"அங்கன என்ன இருக்கு சார்?"

"யானைங்க."

"வேற?"

"வேற என்ன இருக்கும்? யானை இருக்கிற இடத்துல வேற யாரு இருப்பாங்க?"

போன வாத்தியாரின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை ஒரு கொம்பன் யானை பிடுங்கிப் பார்த்துவிட்டு, பேர் குறைவாக இருக்கிறதென்று கிழித்துப் போட்டதாக ஊரில் பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஜெபராஜ் சார் அதற்குப் பிறகு தகரப் பெட்டியிலிருந்த துணிகளை வெளியே எடுத்து அடுக்கவே இல்லை. எப்படியும் கட்டவேண்டியதுதானே.

அந்த வருஷப் பாடத்தில் பெரிய மலை கம்ப்ளீட் சப்ஜெக்ட், கம்ப்ளீட் பிரெடிகேட். வாக்கியத்தை ஒரே வெட்டாக இரண்டாக வெட்ட வேண்டும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரும் அவரோடு ஒட்டிக்கொண்டு வருகிற அலங்காரங்களும் ஒரு பக்கம். அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து முற்றுப்புள்ளி வரை மறுபக்கம். சார் இதைக் கரும்பலகையில் மூன்று வாரம் வெட்டினார். நாங்கள் எங்கே வேண்டுமானாலும் வெட்டினோம். ஆஞ்சப்பன் ஒரு வாக்கியத்தை ஐந்து துண்டாக்கி, கறிக்கடையில் கூறு போடுவதுபோல் அடுக்கிக் காட்டினான்.

நான்காவது வாரம் சாருக்கு ஒரு யோசனை வந்தது. சாக்பீஸ் எடுத்து வகுப்பின் நடுவில் தரையில் ஒரு கோடு போட்டார். ஊர் வழக்கப்படி மேல்தெருப் பிள்ளைகள் இடப்பக்கமும் கீழ்த்தெருப் பிள்ளைகள் வலப்பக்கமும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தோம்.

"இந்தப் பக்கம் பன்னெண்டு பேரும் சப்ஜெக்ட். அந்தப் பக்கம் பன்னெண்டு பேரும் பிரெடிகேட். ஆளுக்குப் பாதி. உம் பாதிய நீ சொல்லு, மிச்சத்த அவன் முடிப்பான். கோட்டைத் தாண்டினா வெட்டு அங்கனதான்னு புத்தியில ஏறும்."

ஏறியது. திம்மராயன் எழுந்து, "தி ஓல்ட் ஃபார்மர் வித் டூ ஒயிட் புல்லக்ஸ்" என்று இரண்டு வெள்ளை மாட்டுக்காரக் கிழவரை நிறுத்தினால், கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா பட்டென்று எழுந்து, "டிரிங்க்ஸ் ராகி கஞ்சி நியர் த வெல்" என்று அவருக்குக் கிணற்றடியில் கஞ்சி ஊற்றிவிடுவாள். என் பங்கு ஒற்றைக் கொம்புப் பசு. அதற்குக் குளக்கரையில் பச்சைப்புல் போடுகிறவள் முனியம்மா. ஆஞ்சப்பனின் பங்கு, "தி ஹெட்மாஸ்டர் ஆஃப் அவர் ஸ்கூல்." எல்லப்பன் அதை, "ஒர்க்ஸ் ஹார்ட் ஃப்ரம் மார்னிங் டு ஈவ்னிங்" என்று முடிப்பான். காலை முதல் மாலை வரை பாடுபடுகிறாராம். சாரின் கற்பனை வளத்துக்கு அது ஒன்றே சாட்சி.

டிசம்பருக்குள் வகுப்பு பந்தாட்டம்போல் ஆடியது. பாதி போனால் பாதி வந்தது. சார் முதல்முறையாகப் பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளைக் கொடியில் போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வருவதாக இருந்தது. காய்ச்சல் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டார். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் கெட்டது.

மேல்தெருவில் எல்லோருக்கும் ராகியும் உருளைக்கிழங்கும். கீழ்த்தெருவில் எல்லோருக்கும் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுவும். தெரு முழுவதும் ஒரே நாளில் முட்டை அட்டை வாங்கி வந்து பொரிக்க வைப்பார்கள். ஆகவே தெரு முழுவதும் ஒரே நாளில் புழு பழுக்கும். பழுத்த புழு தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி ஆட்டும். உடம்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். அன்று அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விட்டால்தான் அது கூடு கட்டும். விடாவிட்டால் கிடந்த இடத்திலேயே நூலைத் துப்பி வீணாக்கிவிடும். அந்த இரண்டு நாளும் கீழ்த்தெருவில் நடக்கத் தெரிந்த எதுவும் வீட்டைவிட்டு வெளியே வராது. பள்ளிக்கூடமாவது, பரீட்சையாவது.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு ஜெபராஜ் சார் இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்புக்குள் வந்தார். கோட்டுக்கு இடப்பக்கம் பன்னிரண்டு தலை. வலப்பக்கம் வெறும் பெஞ்சு.

"எலே, பிரெடிகேட்டெல்லாம் எங்கல?"

"புழு பழுத்துடுச்சு சார்" என்றான் திம்மராயன்.

சார் வாசலில் நின்ற ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். நாராயணப்பன் அசையவில்லை.

"வருஷா வருஷம் இந்த மாசம் இப்படித்தான் சார். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க ஊர்ல மீன்தான் சார். மீன் பழுக்காது. நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நீங்க தெருவப் பார்த்துக் கோடு போடுவீங்கன்னு எனக்கென்ன கனவா?"

இந்த உபசாரம் முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் வந்துவிட்டார். உயரமான மனிதர், கறுப்புக் கோட்டு, மூக்கில் பொடி. அவர் சிரித்ததைப் பார்த்ததாக அதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. நேராகத் திம்மராயனிடம் வந்தார்.

"ஒரு வாக்கியம் சொல்லு."

"தி ஓல்ட் ஃபார்மர் வித் டூ ஒயிட் புல்லக்ஸ்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, திம்மராயன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ஒரு சிட்டிகை பொடி போட்டார். மறுபடியும் காத்திருந்தார்.

"சரி, அந்தக் கிழவன் என்ன பண்ணான்?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார். வெள்ளையம்மாவுக்குத்தான் தெரியும்."

அடுத்தது ஆஞ்சப்பன். "தி ஹெட்மாஸ்டர் ஆஃப் அவர் ஸ்கூல்."

"அவர் என்ன செய்யறார்?"

"தெரியாதுங்க சார்."

ஊரே ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்தான். இருந்தாலும் நாராயணப்பனுக்கு இருமல் வந்தது. பன்னிரண்டு பேரும் எழுந்து, பன்னிரண்டு பேரை நிறுத்தி, ஒருவரையும் ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அந்த மூடியைப் பார்த்ததும் ஜெபராஜ் சாருக்கு யானை தெரிந்திருக்க வேண்டும்.

"சார், கொஞ்சம் பொறுங்க. மிச்சப் பாதி வீட்ல இருக்கு. அஞ்சு நிமிஷ நடை. வந்து பார்த்துட்டு எழுதுங்க."

"இன்ஸ்பெக்ஷன் ஸ்கூலுக்குத்தான்யா. தெருவுக்கு இல்ல."

"பாதி ஸ்கூல் தெருவுலதான் சார் இருக்கு."

இன்ஸ்பெக்டருக்கு அன்று காய்ச்சல் விட்ட முதல் வாரம். காற்று வாங்கலாமென்று நினைத்தாரோ என்னவோ, கிளம்பினார். முன்னால் அவர், பின்னால் சார், அதற்குப் பின்னால் பன்னிரண்டு அரைகுறை வாக்கியங்கள், கடைசியில் இருமிக்கொண்டே ஹெட்மாஸ்டர்.

வெள்ளையம்மா வீட்டு வாசலில் அவள் அம்மா நாகம்மா இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அங்கியே நில்லுங்க சாமி. மூக்குல இருக்கிறது பொடிதானே? அந்த வாசன பட்டுச்சுன்னா எம் புழு தலையைத் தொங்கப் போட்டுடும்."

"அம்மா, நான் டெபுடி இன்ஸ்பெக்டர்."

"புழுவுக்கு அது தெரியாதுங்களே."

சர்க்காரை நடு வெயிலில் நிறுத்தியவள் அந்தத் தாலுகாவில் நாகம்மா ஒருத்திதான். உள்ளே போக வழியில்லை. சார் திம்மராயனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவிலிருந்தே கூவினான்.

"தி ஓல்ட் ஃபார்மர் வித் டூ ஒயிட் புல்லக்ஸ்!"

இருட்டு அறைக்குள்ளிருந்து, புழு பொறுக்குகிற கை நிற்காமலே, குரல் வந்தது. "டிரிங்க்ஸ் ராகி கஞ்சி நியர் த வெல்!"

சாருக்கு உயிர் வந்தது. எங்களுக்கு வெறி வந்தது. ஆஞ்சப்பன் அடுத்த வீட்டைப் பார்த்து, "தி ஹெட்மாஸ்டர் ஆஃப் அவர் ஸ்கூல்!" என்று கத்தினான். அதை முடிக்க வேண்டிய எல்லப்பன் அந்த நேரம் பார்த்துத் தட்டுக் கடன் கேட்க எங்கோ போயிருந்தான். யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் காதில் விழுந்த முனியம்மா, மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்து தன் பங்கை முழக்கினாள்.

"ஈட்ஸ் கிரீன் கிராஸ் பை த டேங்க்!"

எங்கள் ஹெட்மாஸ்டர் குளக்கரையில் பச்சைப்புல் மேய்ந்தார். என் ஒற்றைக் கொம்புப் பசு அன்று பட்டினி.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் சிரித்தார். அவர் சிரித்த சத்தத்தில் தளி ஏரியிலிருந்து நாரைகள் கிளம்பியதாகச் சொல்வார்கள். நாரை எனக்குத் தெரியாது, நாராயணப்பன் கிளம்பிப் போனது உண்மை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் கொஞ்சம் கடுமையானார்.

"எல்லாம் உருப்போட்டது ஜெபராஜ். கிளியும் சொல்லும். நான் ஒண்ணு கேக்கறேன்." வாசலைப் பார்த்து அவரே உரக்கச் சொன்னார். "தி டால் இன்ஸ்பெக்டர் வித் எ பிளாக் கோட்!"

அது எந்தப் பாடத்திலும் இல்லை. யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்காத சப்ஜெக்ட். ஜெபராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, பெட்டியில் எதை முதலில் வைப்பதென்று யோசித்தாரா, தெரியாது.

உள்ளே சந்திரிகைத் தட்டு ஒன்று சுவரில் சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு வெள்ளையம்மாவின் குரல், நிதானமாக, சொல்லுக்குச் சொல் யோசித்து வந்தது.

"ஸ்டாண்ட்ஸ்... இன் த சன்... நியர் அவர் டோர்."

எங்கள் வாசலருகே வெயிலில் நிற்கிறார். ஒரு பிசகும் இல்லை. இலக்கணத்திலும் இல்லை, விவரத்திலும் இல்லை. நாகம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுங்களா சாமி?" என்று கேட்டாள். வெளியே வைத்தே கொடுத்தாள்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. ஒரே தாளில் ஒரே ஒரு நீள வாக்கியம். சார் அதை வகுப்பில் எங்களுக்கே வாசித்துக் காட்டினார். புழுக்காரர்களின் வீடுவரை கல்வியைக் கொண்டுசென்றவரும், எத்தகைய இடைஞ்சலான சூழ்நிலையிலும் கற்பிக்கும் திறன் படைத்தவருமான ஸ்ரீ ஜெபராஜ் அவர்கள் என்று மூன்று வரி புகழ்ச்சி. சாரின் முகம் பெட்ரோமாக்ஸ்போல் எரிந்தது. நான்காவது வரிக்கு வந்தார். நிரந்தரமாக்கப்பட்டு, அத்தகைய ஆசிரியர் மிகவும் தேவைப்படும் நாட்றாம்பாளையத்துக்கு மாற்றப்படுகிறார்.

இன்ஸ்பெக்ஷனில் தவறியவர்களுக்கு அதுதான் இடமென்றால், தேறியவர்களுக்கும் அதுதான் இடம். சர்க்கார் பாரபட்சம் பார்க்காது.

கொடியிலிருந்த இரண்டு சட்டைகளையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். யானை அவரை என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. மலைக்கு வரும் ஒற்றைப் பாதையில் வெயில்காலம் முழுவதும் நின்றுகொண்டு, மேலே ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பியது. மழைக்காலத்தில் அந்த வேலையைக் காட்டாறு பார்த்துக்கொண்டது. சார் புதுக் கோடு போடுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளைகள் எந்த மாசம் காணாமப் போவாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம். பிள்ளைகள் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிற மாதத்தில் தெரிந்தே பாடம் வைக்கவில்லை.

1959-இல் எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் இடம் மறுபடியும் காலியானது. புல் மேய்ந்ததை மறந்து, நாராயணப்பனே அவருக்குக் கடிதம் போட்டார்: மனுக் கொடுத்தால் இங்கே வந்துவிடலாம், இரண்டு நாளில் பதில் எழுதவும். பதிலாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதில் அழகான கையெழுத்தில் பாதி வாக்கியம்தான் இருந்தது. நாட்றாம்பாளையத்தில் இரண்டு கறவை மாடும் ஒரு பானைத் தேனும் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முகத்தையே மறந்துவிட்ட இங்கிலீஷ் வாத்தியார், என்று இங்கிலீஷில் எழுதி நிறுத்தியிருந்தார். முற்றுப்புள்ளி இல்லை.

ஹெட்மாஸ்டர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் கடைசியில் ஆள் அனுப்பிக் கீழ்த்தெருவிலிருந்து வெள்ளையம்மாவை வரவழைத்தார். அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் மல்பெரிக் கறை. கார்டை ஒரு தடவை படித்தாள். அவர் மேசையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து, மிச்சத்தை எழுதி, புள்ளி வைத்து, நீட்டினாள்.

"என்னம்மா எழுதினே?"

"வரமாட்டாருங்க சார்."