ஆயுத பூஜைக்குக் குளித்த என்ஜின்

பட்டுப்புடவைக்கு வைத்திருந்த பணத்தில் எங்கள் பழைய காருக்கு விலை உயர்ந்த ஸ்பார்க் பிளக்குகளும் இக்னிஷன் காயிலும் போட்டேன். ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து, என்ஜினையும் குழாய்த் தண்ணீரால் கழுவினேன். மாலையில் மகளோடு அல்சூர் கோயிலுக்குப் போகையில், ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேலேயே கார் நின்றுவிட்டது. கேட் மூடும் மணி அடித்தது. நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, இறங்கு, தள்ளலாம்" என்று மகள் என்னை வெளியே இழுத்தாள். ஆட்டோக்காரர்கள் இருவர் ஓடிவந்து கை கொடுத்ததால் தப்பினோம்.

மறுநாள் மெக்கானிக் சிரித்தார். "பிளக் புதுசு, காயில் புதுசு. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடி மட்டும் பழசு. விரிசல்ல தண்ணி பூந்துடுச்சு. பூஜைன்னா என்ஜினையுமா குளிப்பாட்டுவாங்க மேடம்?"

மூடியை மாற்றியதும் கார் நன்றாக ஓடுகிறது. இப்போது சாதாரண பிளக்தான் போடுகிறேன். மூடியையும் வயர்களையும் தவறாமல் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் சொல்கிறேன். பூஜையன்று என்ஜினுக்குக் குங்குமப் பொட்டு மட்டும். அன்று குழாயை மகள் என்னிடம் தருவதே இல்லை.