மனைவி தந்த சிறுநீரகமும் என் சந்தேகமும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கொக்குவிலில் எங்கள் வீட்டில் நடந்தது. என் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, மனைவி தன்னுடைய ஒன்றைத் தந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. அதை வைத்த இடத்தில், அடிவயிற்றின் வலப்பக்கம், மெல்ல வீங்கத் தொடங்கியது. காலும் ஊதியது. சலம் போவது குறைந்தது.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எங்கள் இருவரின் சாதகத்தையும் மருதனார்மடத்தில் ஒரு சாத்திரியாரிடம் காட்டிவிட்டு வந்து சொன்னார்:

"உங்கடை பொருத்தம் கலியாணத்துக்கே மத்திமம். உவளின்ரை கிட்னி உனக்கு எப்பிடியடா சரிவரும்?"

இரத்தம் பொருந்துகிறது, எல்லாம் பொருந்துகிறது என்று எத்தனை சோதனை செய்து சொன்னார்கள். அதையெல்லாம் விட இந்தப் பேச்சு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். வெட்கக்கேடு. கூடாத காலம் கழியட்டும் என்று, வீக்கத்தை இடுப்பில் உடுத்திருந்த சாரத்தால் மறைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன்.

கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீரகத்தை ஒட்டி நீர் தேங்கி, சலம் இறங்கும் குழாயை நெரிப்பது ஸ்கானில் தெரிந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன், "இவ தந்த கிட்னியிலை ஏதும் பழுதோ, டொக்டர்?"

"கிட்னி நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். இது உங்கடை உடம்பிலையிருந்து கசிஞ்ச நிணநீர். இன்னும் பிந்தியிருந்தா அந்த நல்ல கிட்னியை நீங்களே கெடுத்திருப்பியள்."

நான் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசியால் எடுத்தும் நீர் திரும்ப ஊறியது. பிறகு வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, கமெராவை உள்ளே விட்டு, தேங்கிய நீர் வயிற்றறைக்குள் வடிந்து உடம்பே உறிஞ்சிக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வீக்கமும் போய்விட்டது.

அன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் மாத்திரைகளை எடுத்து வைத்தபடி, "குடுக்கேக்கை நான் சாதகம் பாக்கேல்லை" என்றாள். அவ்வளவுதான்.

இப்போதும் கதைக்கிறாள், சமைத்துத் தருகிறாள், கிளினிக்குக்குக் கூட வருகிறாள். ஆனால் தனக்கு வெட்டிய இடத்தில் நோவு வந்தால் மட்டும் என்னிடம் சொல்வதில்லை. அதை விசாரிக்கும் தகுதியை அந்த டொக்டரின் அறையிலேயே நான் தொலைத்துவிட்டேன்.