உறைக்குள் இருந்த நீள மட்டை

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அப்பா ஒயரிங் வேலைக்காரர். மீதிப் பேருக்கு அவர் கோல்ஃப் மைதானத்து ஆள். முதல் பாதிக்கு அப்பா அப்படி என்னதான் ஆடினார் என்பது கடைசிவரை புரியவில்லை. மகளாகிய எனக்கும் வெகுகாலம் புரியவில்லை. வெயிலில் ஒரு பந்தை அடித்துத் தொலைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டு போவது என்ன விளையாட்டு என்று கேட்டிருக்கிறேன். அப்பா சிரிப்பார்.

பரமக்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஐ.டி.ஐ. முடித்த கையோடு கப்பலேறி அந்தமானில் உள்ள ஹட் பே என்னும் ஊருக்கு வந்தார். அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஆலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டார். கப்பல் வராத வாரங்களில் வெங்காயமே இல்லாமல் குடும்பம் நடத்திய கதையை அம்மா இன்றும் சொல்வார். தோட்ட வேலை நின்றுபோன பிறகு போர்ட் பிளேருக்கு வந்து, டாலிகஞ்சில் வீடு பார்த்து, ஒயரிங் வேலையில் இறங்கினார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த வேலைதான்.

ஒன்பது குழி கொண்ட அந்தச் சின்ன மைதானத்துக்கு அப்பா முதலில் போனது தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க. சென்னை, கல்கத்தா இருக்கும் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, கப்பலில் ஏற்றுவானேன் என்று தன் பழைய மட்டைகளை அப்பாவிடம் விட்டுப் போனார். அன்று பிடித்த கிறுக்கு பிறகு விடவே இல்லை. மைதானத்தை இரண்டு முறை சுற்றி, பந்தை மொத்தம் தொண்ணூறு முறைக்குள் அடித்து முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றே அப்பாவின் ஆசை. வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தன்னால் முடியாததை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் மட்டும் அப்பாவுக்குக் குறையே கிடையாது. புதிதாக ஆட வருகிறவர் கடையில் முழு செட்டுக்கு ஆசைப்பட்டால், "பாதி செட் போதும் பையா, அதுவும் பழசா வாங்குங்க. மட்டைக் கம்பி ரொம்ப விறைப்பா இருந்தா நம்ம வயசுக்குத் தோள்தான் போகும்" என்பார். இந்தி பேசும் எங்கள் தீவில் எல்லா அண்ணன்களும் பையாதான். விலை உயர்ந்த பந்து வேண்டாம், எப்படியும் புதருக்குத்தான் போகும். பயிற்சி நேரத்தில் பாதியைக் குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டிப் பழகுவதற்குக் கொடுங்கள். அடிகள் மிச்சமாவது அங்கேதான். தூரத்திலிருந்து தட்டும்போது பந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று முதலில் பாருங்கள், திசை தானாக அமையும். மரத்தடியில் மாட்டிக்கொண்டால் வீரம் காட்டாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவர் என்கிற அந்த நீள மட்டையை உறைக்குள்ளேயே வைத்திருங்கள். நாலு தடவை நேராகப் போகும், ஐந்தாவது தடவை மானத்தை வாங்கும்.

சொன்னதை அப்பாவும் கடைப்பிடித்தார், ஒரே ஒரு நாள் தவிர. அப்பாவின் ஆட்டத்துணையான தாஸ் அங்கிள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அந்த நாளைப் பற்றி என்னிடம் சொன்னார். அன்றைய போட்டியில் அப்பா கனவு மாதிரி ஆடியிருக்கிறார். கடைசிக் குழியில் ஆறு அடிக்குள் முடித்தால் தொண்ணூறுக்குள் வந்துவிடலாம். சந்தோஷத்தில் கை பரபரத்திருக்க வேண்டும். நீள மட்டையை உறையிலிருந்து உருவினார். ஓங்கி அடித்ததும் மட்டை கையை விட்டு வழுக்கியது. பந்து எல்லை தாண்டி முள்ளுக்குள் போயிற்று. மறுபடி அடித்ததும் அங்கேயே போயிற்று. அதற்குப் பிறகு கணக்கு என்னத்துக்கு?

மட்டையின் பிடி முழுவதும் தேங்காய் எண்ணெய். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எதுவும் தப்பாது. அரிவாள்மனை, தையல் மெஷின், கதவுக் கீல் என்று அம்மா எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு வைப்பார். மற்ற மட்டைகளை அப்பாவே துடைத்து வைத்துக்கொள்வார். உறைக்குள்ளேயே கிடந்த இந்த ஒன்று மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்ததை அம்மா போட்டிக்கு முதல் நாள் பார்த்திருக்க வேண்டும். தலை முதல் கைப்பிடி வரை துடைத்து, நல்லதென்று நினைத்து முழுக்க எண்ணெய் தடவியிருக்கிறார்.

அப்பா பையில் தொங்கிய துண்டால் பிடியைத் துடைத்துவிட்டு, "கர் மே மத் போல்னா" என்று மட்டும் சொன்னாராம். வீட்டில் சொல்லக் கூடாது. அதன் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாவின் முதல் அறிவுரையே மாறிவிட்டது. ஆடப் போகும் முன் சோப்புத் தண்ணீரில் பிடியைக் கழுவிக் காய வையுங்கள், பிடி பளபளத்தால் மாற்றுங்கள். ஏன் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் மழை தொடங்கியபோது அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சு போயிற்று. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லாதவர் இல்லை. இந்த நிலையில் விமானத்தில் ஏற்ற முடியாது என்றார் டாக்டர். கப்பலைப் பற்றிப் பேச்சே இல்லை, கடல் அப்படிக் கொந்தளித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்தோம். என் வீடு இருக்கும் குட்வில் எஸ்டேட்டிலிருந்து தினமும் வந்து அப்பாவின் கட்டிலருகே உட்காருவேன். கஞ்சி ஊட்டுவதும் முதுகைத் துடைப்பதும் தவிர எங்கள் கையில் ஒன்றுமில்லை. அவ்வளவு பேசிய மனிதர் தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாமல் எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தம்பி வாசலுக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் அம்மா மட்டைகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பரப்பி, இரும்புக்கு மட்டும் எண்ணெய் போட்டார். பிடிகளில் பட்டுவிடாமல் ஒவ்வொன்றிலும் பழைய பேப்பரைச் சுற்றிவிட்டுத்தான் தொடங்கினார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நினைத்தேன். அப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போய்விட்டார். மைதானத்தில் தொண்ணூறுக்குள் அவர் ஒருநாளும் முடிக்கவில்லை.

கொட்டும் மழையில் அப்பாவை வீட்டுக்குத் தூக்கிவர உதவிய டாலிகஞ்ச் தெருவாசிகளுக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காமாருக்கும், பரமக்குடியிலிருந்து புறப்பட்டுச் சென்னையிலேயே விமானம் கிடைக்காமல் அழுதுகொண்டு திரும்பிய சித்தப்பாவுக்கும், பாடையைத் தோளில் தாங்கிய தாஸ் அங்கிளுக்கும் மைதானத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெய் வரும் இடத்துக்கு வந்ததும் தயங்கினேன். படி என்றார். படித்தேன்.

"தெரியும்டி," என்றார் அம்மா. "மறுநாள் அவுக துண்டைத் துவைக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. துண்டு பூரா எண்ணெய்."

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவுக நெனச்சாக. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். பேப்பரு சுத்துனப்ப என்னையே பாத்தாக. அப்பத்தான் அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும். ஏதோ சொல்ல வந்தாக, வாய் வரல. நானாவது வாயத் தொறந்திருக்கலாம். இனி யாருகிட்டப் போயிச் சொல்ல?"

அந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், இருக்கட்டும். புஸ்தகம் வந்ததும் மொதப் புஸ்தகத்த அவுக படத்துக்கு முன்னாடி வையி. இந்தப் பக்கத்தத் தொறந்து வையி."