தண்ணீருக்கு ஓர் அனுமதி

எங்கள் வீடு பசறைக்குப் போகிற பாதைக்குக் கீழே இருக்கிறது. பதுளைப் பக்கத்தில் பாதைக்குக் கீழே வீடு கட்டியவன் மழைக்காலத்தில் வானத்துத் தண்ணீரையும் பார்க்க வேண்டும், பாதைத் தண்ணீரையும் பார்க்க வேண்டும். இரண்டும் எங்கள் முன்முற்றத்தில்தான் சந்தித்துக்கொள்ளும். மண் முற்றம் என்பதால் கொஞ்சத்தை மண்ணே குடித்துவிடும். மிச்சம் வீட்டின் பக்கவாட்டாக வழிந்து பின்னாலிருக்கும் மண்திட்டில் இறங்கும். திட்டின் அடியில் ஒரு சிறிய வீடு. அதற்கும் கீழே ஓடை, ஓடைக்கு அப்பால் தேயிலை.

அந்தச் சிறிய வீட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முற்றத்திலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காக வரும். ஒழுங்கு என் தொழில். ஓய்வு பெறும்வரை உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் இருந்தேன். கட்டட அனுமதி, வடிகால் அனுமதி, ஆட்சேபணை, மேன்முறையீடு என்று எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போய் எங்கே தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்பட்டவள் முற்றத்துப் பாசியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கை குணமானபோது அவளுடைய தீர்மானமும் முற்றியிருந்தது. பண்டாரவளையில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் இன்டர்லாக் கல் பதித்து, ஓரத்தில் செயற்கைப் புல் விரித்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். பாசி பிடிக்காது, சேறு இல்லை, வெட்டவும் தேவையில்லை. சுற்றிலும் மலை மலையாகப் பச்சை கிடக்கும் ஊரில் பிளாஸ்டிக் பச்சையைக் காசு கொடுத்து வாங்குவது பற்றி நான் சொன்ன கருத்து பதிவு செய்யப்படவில்லை.

பசறையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். கல் பதிப்பதில் பெயர் பெற்ற மேசன். மேல்மண்ணை வெட்டி எடுத்து, உடைகல் போட்டு இறுக்கி, அதன்மேல் மணல், மணலின்மேல் கல் என்று விளக்கினார். வாட்டம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக விழ வேண்டும், தண்ணீர் ஓரத்து வடிகானுக்கு வந்து ஒரு குழியில் சேர வேண்டும். குழியிலிருந்து குழாய். குழாய் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் கீழே ஓடையைக் காட்டினார். வேறு வழியில்லை, பாதையோரக் கான் எங்கள் கூரை உயரத்தில் இருக்கிறது. ஓடைக்குப் போவதென்றால் கீழ் வீட்டுக் காணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கீழ் வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். மடுல்சீமைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்து வரிசையின் ஒற்றை அறையில் மகனுடைய குடும்பம் பெருகிப்போனதும் தன் சேமலாப நிதியை எடுத்து, சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்துக்கு இந்தத் துண்டுக் காணியை வாங்கி, கல்லறுத்து அடுக்கி, தகரம் போட்டு இரண்டறை கட்டிக்கொண்டார். காணி உறுதிப் பத்திரம் கிடையாது. அங்கீகரித்த வரைபடம் கிடையாது. ஆனால் கதவில் இலக்கம் இருந்தது. எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, ஒன்று என்று தானே வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தார். இலக்கம் வழங்க வேண்டியது உள்ளூராட்சிச் சபை என்று ஒருமுறை நான் சொன்னேன். லயத்தில் பிறந்ததிலிருந்து தன் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வந்தது, அங்கே யாராவது உடைத்துப் பார்த்த பிறகுதான் தன் கைக்கு வந்தது, இனி வருவது நேராகத் தன் கதவுக்கு வரட்டும் என்றார். தபால்காரர் அந்த இலக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார். சட்டவிரோதமான அந்த இலக்கத்துக்கு அடுத்த மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதை எடுத்துவந்து எங்களுக்குக் காட்டினார். யாருடைய கல்யாணம் என்று சொல்ல மறந்து உறையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

குழாய் பற்றிக் கேட்கப் போனேன்.

“போட்டுக்கங்க ஐயா. இப்ப மட்டும் தண்ணி என்னையக் கேட்டுக்கிட்டா வருது?”

சபைக்கு எழுதி முறையாக அனுமதி எடுத்துவிடுகிறேன், உங்களுக்கும் பாதுகாப்பு என்றேன். அவர் முகம் மாறியது.

“எழுதாதீங்க ஐயா. சும்மா போட்டுருங்க. எழுதினா வந்து பாப்பாங்க. பாத்தா எதாச்சும் எழுதிட்டுப் போவாங்க.”

பாஸ் பின்னால் நின்று சிரித்தார். இந்தப் பாதையில் இத்தனை வீடு இருக்கிறதே, தண்ணீர் விட மனுப்போட்ட மனுஷன் ஒருத்தர் இருக்கிறாரா சார் என்று கேட்டார். இல்லை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மனுப்போடாதவர்கள் மேல் வந்த முறைப்பாடுகளை விசாரித்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

எனக்குக் காரணம் இருந்தது. மண் முற்றம் குடித்த தண்ணீரும் இனிக் குழாய்க்குத்தான் வரும். அத்தனையும் ஒரே கோட்டில் அந்தத் திட்டில் இறங்கும். குழாய் எங்காவது கழன்றால் அவருடைய பின்சுவரில்தான் கொட்டும். எங்கே பிடிப்புப் போட வேண்டும், திட்டு தாங்குமா என்று படித்த ஒருவன் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது தவறான நினைப்பாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இதில் இருக்கிற சங்கடம்.

விண்ணப்பம் போட்டேன். முற்றத்தைத் தோண்டுவதை நிறுத்த முடியவில்லை, பாஸுக்கு அடுத்த வேலை காத்திருந்தது. மண்ணெல்லாம் எடுத்து உடைகல் குவித்திருந்த நிலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். இளைஞர், மரியாதையானவர், நான் இருந்த மேசையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்த் திட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். அங்கேயே நின்றார்.

அது யாருடைய வீடு என்று கேட்டார். சொன்னேன். வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை எத்தனையோ முற்றங்களில் நின்று நான் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்த வரியில் என்ன எழுதுவது என்றும் எனக்குத் தெரியும். நான் குழாய் போகும் வழியைக் காட்டினேன்.

அவர் கீழே இறங்கினார், நானும் கூடப் போனேன். அந்தம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிளேன் டீயும் சர்க்கரையும் கொடுத்தார். உத்தியோகத்தர் குடித்துக்கொண்டே பின்சுவர் வெடிப்பை விரலால் அளந்தார், திட்டில் சாய்ந்து நின்ற மரத்தைப் பார்த்தார், எழுதினார். அவர் போன பிறகு அந்தம்மா என்னிடம் வந்தார்.

“டீ நல்லாருக்குன்னு சொன்னாருங்க” என்றார்.

நான் தலையாட்டினேன். மண்சரிவு ஆய்வுக்கு அனுப்பும் குறிப்பை உத்தியோகத்தர் எழுதியதை நான் தலைகீழாகவே வாசித்திருந்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் காகிதத்தை வாசிப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று.

மழை தொடங்குவதற்கு முன்பே வந்து சிவப்பு அறிவித்தலை ஒட்டினார்கள். கதவில் வெள்ளைப் பெயின்ட் இலக்கத்துக்குச் சரியாகக் கீழே ஒட்டினார்கள். அதிஅபாயம், குடியிருக்கக் கூடாது. அத்தனை வருடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வீடு அது. வரிப் பதிவில் இல்லை, வாக்காளர் இடாப்பில் இல்லை, மின்சாரம்கூட எங்கள் வீட்டிலிருந்து இழுத்தது. அரசாங்கத்தின் ஏட்டில் அது முதன்முதலாக ஏறியது இடியக்கூடிய வீடுகளின் வரிசையில்தான்.

மாற்றுக் காணிக்கு நான் அலைந்தேன். நான் அறிந்த எல்லா மேசைகளுக்கும் போனேன், உட்காரச் சொன்னார்கள், பழைய கதை பேசினார்கள். மாற்றுக் காணிக்கு உறுதி வேண்டும், அல்லது அனுமதிப்பத்திரம் வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அந்த முகவரியில் வாக்குப் பதிவு வேண்டும். இல்லாத வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்றலாம், ஆனால் இல்லாத வீட்டுக்குப் பதிலாக இன்னொன்று கொடுக்க முடியாது. அந்தச் சுற்றுநிருபத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தம்மா முதலில் பாடசாலை மண்டபத்துக்குப் போனார். மண்டபம் பரீட்சைக்குத் தேவைப்பட்டதும் மடுல்சீமைக்கு, மகனுடைய லயத்துக்கே திரும்பினார். போகிற அன்று என் மனைவி சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “டீச்சரம்மா கீழ விழாம பாத்துக்கங்க ஐயா” என்றார். குத்திச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் முற்றம் சேற்றுக் குட்டையாகக் கிடந்தது. குழாய் அனுமதி வரவில்லை, அனுமதி இல்லாமல் போடமாட்டேன் என்று நான் நின்றேன். உடைகல் சேற்றில் புதைந்தது. செயற்கைப் புல் சுருள் சுருளாக வரவேற்பறையில், சோபாவுக்குப் பக்கத்தில், நனையாமல் இருந்தது. என் மனைவி டிசம்பரில் நத்தார் ஆராதனைக்குக்கூடப் போகவில்லை, பலகை போட்டும் கால் வைக்கப் பயந்தாள். ஒருநாள் ஜன்னலருகே நின்று, “குழாயச் சும்மா போட்டிருந்தா நானும் கீழ் வீட்டம்மாவும் வெளிய போயிட்டுத் திரும்ப வீட்டுக்கு வந்திருப்போம். இப்ப ஒருத்தங்க மட்டும் போயிட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திட்டு இடியவில்லை. எந்த மழையிலும் ஒரு கூடை மண்கூட விழவில்லை. சாய்ந்த மரம் சாய்ந்தபடியே நின்றது. ஆளில்லாத வீட்டைத்தான் மழை தின்றது. அடுப்பெரியாத சுவர் ஊறியது. தகரத்தில் பாதியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். திட்டு அடுத்த மழைக்கு இடியலாம், இடியாமலும் இருக்கலாம் என்று அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரே என்னிடம் சொன்னார். அவர் செய்ததும் தவறில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

மழை ஓய்ந்த பிறகு அனுமதி வந்தது. இரண்டு வரிதான். வடிகால் செல்லும் வழியில் மக்கள் குடியிருக்கும் வீடு எதுவும் இல்லாதபடியால் ஆட்சேபணை இல்லை.

பாஸ் திரும்பி வந்தார். புதைந்த கல்லைத் தோண்டி எடுத்து மறுபடி இறுக்கினார். அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. குழாயை அந்தம்மாவின் பின்சுவரை ஒட்டிப் பதிக்கும்போது கேலி எதுவும் பேசவில்லை. சாம்பல் கல்லும் சிவப்புக் கல்லும் மாறி மாறி வந்தன. ஜன்னலோரம் புல் விரித்து, விளிம்பைக் கல்லோடு இறுக்கினார். பண்டாரவளை மண்டபத்தைவிட நன்றாக இருந்தது. என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறாள். நடக்கும்போது குனிந்து கல்லைப் பார்ப்பதில்லை. வேறு எதையும் பார்ப்பதில்லை.

சில மாதம் கழித்து, பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்த அந்தம்மா எங்கள் கேற்றில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். கல்லின்மேல் நடந்து வந்தவர், புல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கழற்ற வேண்டியதில்லை என்றேன். கேட்கவில்லை. ஒரு காலை வைத்துப் பார்த்து, கூசுகிறது என்றார். முதல்நாள் பெய்த மழையில் மிஞ்சியது கானில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய், குழாய் முடியும் இடத்தை எட்டிப் பார்த்து வந்தார்.

“தண்ணி நல்லாத்தான் போகுதுங்க” என்றார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். லயத்தில் மருமகள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இரவில் படுக்க அடுப்படிதான். மழைதான் விட்டுவிட்டதே, சிவப்புக் காகிதத்தை எடுத்துவிட்டால் இருக்கிற தகரத்தைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்றார். ஒட்டுவதற்கு நடைமுறை உண்டு, எடுப்பதற்கு எனக்குத் தெரிந்து நடைமுறை கிடையாது என்று விளக்கினேன். நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப எழுதாதீங்கன்னு சொன்னேன், எழுதினீங்க. இப்ப எழுதுங்கன்னு சொல்றேன் ஐயா.”

எழுதினேன். அவர் கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்தே போட்டார், எழுத்து எழுத்தாக. அனுப்புபவர் முகவரியில் அந்தச் சாய்கோட்டு இலக்கத்தைத்தான் போட வேண்டும் என்றார். போட்டேன்.

பதில் அவருடைய அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பே வந்துவிட்டது. கீழே குடியிருக்க யாருமில்லாததால் தபால்காரர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தம்மா வந்தபோது உடைக்காமல் கையில் கொடுத்தேன். அவர் உடைத்து, வாசிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்களது வேண்டுகோள் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது, உரிய தரப்பினரின் சிபாரிசு கிடைக்கப்பெற்றதும் அறிவிக்கப்படும். இந்த மாதிரிக் கடிதத்தை அலுவலகத்துக்கு வரைந்து கொடுத்தவன் நான். முடியாது என்ற சொல் வராமல் முடியாது என்று எழுத அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பிற்பகல் பிடித்தது. இத்தனை வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் மாற்றவில்லை.

“என்னங்க சொல்றாங்க?”

“முடியாதுன்னு சொல்றாங்கம்மா.”

என் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டு நிற்காமல் போனாள்.

“கவரு மேல என் நம்பரு போட்டிருக்காங்களா?”

போட்டிருந்தார்கள். யாரும் குடியிருக்கக் கூடாத, சபை வழங்காத அந்த இலக்கத்தைத் தட்டச்சில் தெளிவாக அடித்து, கீழே சபை முத்திரையும் குத்தியிருந்தார்கள். காட்டினேன். அவர் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். மடுல்சீமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.