கோடு விழுந்த செம்புப் பட்டி

பேச்சியம்மா வாய்க்கு முன்னே கை போகிறவள். தருமபுரத்தில் யாரிடமும் கேட்கலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அடித்தாள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ராஜரத்தினத்தின் பழைய இரும்பு யாட்டில் செம்பும் பொன்னும் பிரிப்பது அவள் வேலை. முன்பு அங்கே கேபிளைக் குவித்து எரிப்பார்கள். றப்பரோடு மெல்லிய செம்பு நூல்களும் கருகிச் சாம்பலோடு போய்விடும். பேச்சியம்மா அந்த நெருப்பை மிதித்து அணைத்தாள். மறுபடி மூட்டியவனை அதே கேபிளால் விளாசினாள். எல்லாரும் கத்தியால் கீறி உரிக்கத் தொடங்கினார்கள். பழைய போன்களை முழுதாக அசிட்டில் அமுக்குவதையும் நிறுத்தினாள். பொன் பூசிய ஊசிகளைக் குறட்டால் பிடுங்கி, அவற்றை மட்டும் ஊறப்போட்டாள். ஊறிய நீலத் தண்ணீரை ஊற்றப்போனவனின் வாளியைப் பறித்து, உள்ளே துருப்பிடித்த மண்வெட்டித் தகடுகளைப் போட்டாள். மறுநாள் தகடெல்லாம் செம்பு படிந்திருந்தது. அசிட் தெறித்த தழும்பு அவள் முழங்கைவரை ஏறியிருக்கிறது.

அப்படியும் ஒருநாள் ராஜரத்தினம் புறுபுறுத்தார். "குவியல் வத்திப்போச்சு பேச்சியம்மா. இனி என்னத்தை உரிக்கப் போறியள், என்ரை தோலையோ?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் தம்பி வீரையா. அடுத்தநாள் காடு வெட்டிய காணியிலிருந்து சண்டைக் காலத்துப் பீரங்கிச் செல் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். செல்லின் அடியில் தடித்த செம்புப் பட்டி ஒன்று மோதிரம்போலச் சுற்றியிருக்கும். சுட்ட செல் என்றால் அந்தப் பட்டியில் பீரங்கிக் குழலின் கோடுகள் விழுந்திருக்கும். கோடு விழுந்தால் சுட்டது, சுட்டால் செத்தது என்று இரும்பு பொறுக்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். சுட்டும் வெடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிய செல்லிலும் அதே கோடுகள்தான் இருக்கும்.

பேச்சியம்மாவின் புருசன் சுப்பையா உளி வைத்ததும் கோடு விழுந்த பட்டியில்தான். அவனை உரப்பையில் பொறுக்கினார்கள். வேலியில் தொங்கிய கையை அவளே இறக்கினாள்.

வீரையா செல்லைக் கல்லில் அணைவைத்து உளியை எடுத்தான்.

"டேய், வைடா அத."

"கோட்டப் பாரு அக்கா. இது செத்த சாமான்."

"மச்சானும் அதத்தான் சொன்னாரு."

"மச்சானுக்கு அடிக்கத் தெரியல. ஒதுங்கு!"

சுத்தியல் மேலே போனது. பேச்சியம்மா கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கைச் சுழற்றி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் யாட் முழுக்கக் கேட்டது. சுத்தியல் ஒருபக்கம் விழ, அவன் மறுபக்கம் உருண்டு அலறினான். அவன் பெண்சாதி அனோஜா ஓடிவந்து பேச்சியம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, தோளில் பல் பதியக் கடித்தாள்.

"பாவி! எம் புருசன் கைய ஒடிச்சிட்டியே!"

"கைதானடி போச்சு!"

இரத்தம் வழிய வழிய அனோஜாவையும் வீரையாவையும் வாசலுக்கு வெளியே தள்ளினாள். மிதிவெடி எடுப்பவர்கள் வரும்வரை ஒருவரையும் உள்ளே விடாமல் அலவாங்கோடு வாசலில் நின்றாள்.

அவர்கள் செல்லை வெறும்காணிக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். தகரக்கூரைகள் அதிர்ந்தன. இளம்பனை வடலி ஒன்று வேரோடு சரிந்தது.

"கேட்டியாடா?" என்றாள் பேச்சியம்மா.

ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டோடு நின்ற வீரையா சீறினான். "அது அவங்க வச்ச வெடி! செல்லு செத்துத்தான் கெடந்துச்சு!"

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. செத்ததோ உயிருள்ளதோ, அவர்கள் தங்கள் வெடியை வைத்துத்தான் தகர்ப்பார்கள். அந்தச் செல் எப்படிக் கிடந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

கை கோணலாகத்தான் பொருந்தியது. உளி பிடிக்க வராது. வீரையா இப்போது மாடு மேய்க்கிறான். அக்காவோடு பேச்சில்லை.

"தம்பியாரிட்டை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கோவன்," என்றார் ராஜரத்தினம்.

"மாட்டேன் ஐயா. இன்னொருக்கா உளியத் தூக்கினா மத்தக் கையையும் ஒடிப்பேன்."

மாட்டை ஓட்டிக்கொண்டு யாட்டைக் கடக்கும்போதெல்லாம் வீரையா வேலிக்கு மேலால் கத்துவான். "கையொடிச்ச மூதேவி! நீ நாசமாப் போவ!"

கேபிள் உரிக்கிற பேச்சியம்மா தலை நிமிர்த்தமாட்டாள். "இன்னுஞ் சத்தமாடா!" என்பாள்.